மினி கணினி சூடாகிறதா? தில்லி வெயிலில் அதைச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

தில்லியில் மே மாதப் பிற்பகலில் ஒரு மினி கணினி தானாக அணைந்துபோனால், அது பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். செயலியின் (ப்ராசஸர்) வெப்பநிலை என்ன என்பது பாதி விவரம்தான். அந்த நேரத்தில் அறை எவ்வளவு சூடாக இருந்தது என்பது மறுபாதி. ஜனவரியில், 15 டிகிரி செல்சியஸ் இருக்கும் அறையில், முழு வேலை கொடுத்தால் 75 டிகிரி காட்டுகிற கணினியை எடுத்துக்கொள்வோம். அறைக்கும் செயலிக்கும் உள்ள வித்தியாசம் 60 டிகிரி. அதே கணினியை 40 டிகிரி அறையில் அதே வேலைக்கு விட்டால், கணக்குப்படி அது 100 டிகிரியைத் தொட வேண்டும். இன்டெல் செயலிகள் பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் செயலிகள் பலவற்றில் 95. வரம்பைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிச் சூடு ஏறினால் கணினி அணைந்துவிடும். குளிர்காலம் முழுவதும் சொன்னபடி கேட்ட பெட்டி கோடையில் முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பல நிறுவனங்களின் மினி கணினிகளுக்கு, அவை இயங்கக்கூடிய அறை வெப்பநிலை 35 டிகிரி வரை என்றே விவரக்குறிப்பில் போட்டிருக்கிறது. 2024 மே 29 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீடுகளிலும் பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறைகளிலும் வெயில் சாய்ந்த பிறகுகூடக் கூரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகையால் இங்கே வசிப்பவர்களுக்கு, "செயலி 80 டிகிரிக்கு மேல் போகக் கூடாது" என்பது போன்ற பொதுவான அறிவுரைகள் பெரிதாக உதவுவதில்லை. அறைக்கும் செயலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பதே நம் கையில் இருக்கிற வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் அந்த வித்தியாசமே அளவுகோல்.

சிறிய பெட்டிக்குள் நடப்பது என்ன

அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்து, நேரு பிளேஸ் கடைகளில் மறுவிற்பனைக்கு வரும் லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி ஆகியவை ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்டவை. இன்டெல் நக் வகை இன்னும் சிறியது. அதன் மதர்போர்டே சுமார் நான்கு அங்குலச் சதுரம்தான். பெரிய டவர் கணினியில் 120 மி.மீ. விசிறிகள் இரண்டு மூன்று சேர்ந்து நிதானமாகச் செய்கிற வேலையை, இங்கே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே ஒரு ப்ளோயர் வகை விசிறி செய்கிறது. அது காற்றை உறிஞ்சி, ஹீட் சிங்கின், அதாவது செயலியின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகத்தின், நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. காற்று போவதற்கு வேறு வழி கிடையாது என்பதால், தகடுகளின் வாய் பாதி அடைபட்டாலே குளிர்விப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

செயலியின் வாட் கணக்கும் பலரை ஏமாற்றுகிறது. பெயரின் முடிவில் 'டி' என்ற எழுத்துள்ள இன்டெல் செயலிகள் 35 வாட் வகை என்று சொல்லப்படுகின்றன. ஆனால் அது நெடுநேரம் தொடரும் வேலைக்கான எண். எடுத்துக்காட்டாக, ஐ5-12500டி செயலியின் அடிப்படை மின்நுகர்வு 35 வாட், வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போவில் அது 74 வாட் வரை போகலாம். ஒரு பெரிய எக்செல் கோப்பைத் திறக்கும்போது விசிறி திடீரென்று இரைந்து, வெப்பநிலை 90-ஐத் தொட்டு, சில விநாடிகளில் இறங்குவது இதனால்தான். இந்தக் குறுகிய ஏற்றம் இயல்பானது; இதற்காகப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. நெடுநேரம் ஏறிய நிலையிலேயே நிற்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதல் படி: திறக்கும் முன் அளவெடுத்தல்

இந்தப் படியைத் தாண்டிச் சென்று நேராக தெர்மல் பேஸ்ட் (செயலியின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த இடையில் பூசும் பசை) வாங்க ஓடுகிறவர்களே அதிகம். அளவெடுக்காமல் செய்யும் எந்த வேலையும் பலித்ததா இல்லையா என்பது பிறகு தெரியவே தெரியாது.

தேவையானவை இரண்டு. ஒன்று, சாதாரண அறை வெப்பமானி. கைபேசியில் வானிலை ஆப் காட்டும் எண் ஊருக்கானது, உங்கள் மேசைக்கானது அல்ல. வெப்பமானியைக் கணினி காற்றை உறிஞ்சும் பக்கத்தில், ஓரடி தள்ளி வையுங்கள். சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் வைத்தால் எண் பொய் சொல்லும். இரண்டாவது, உணரிகளைப் படிக்கும் மென்பொருள். விண்டோஸில் எச்டபிள்யூ-இன்ஃபோ போதும்; அதில் செயலி, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) ஆகியவற்றின் வெப்பநிலையும், விசிறியின் சுழற்சி வேகமும், வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதற்கான ஆம்-இல்லை வரியும் வரும். சில மாதிரிகளில் விசிறியின் வேகத்தை மட்டும் காட்டாது. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும்.

மூன்று நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றும் செய்யாமல் பத்து நிமிடம், வழக்கமான வேலையில் இருபது நிமிடம், சினிபெஞ்ச் போன்ற சோதனை நிரலைத் தொடர்ந்து ஓட்டிக் கால் மணி நேரம். ஒவ்வொன்றிலும் செயலியின் உச்ச வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து எழுதுங்கள். 35 வாட் வகைப் பெட்டிகளில் சும்மா இருக்கையில் 15 முதல் 25 வரையும், முழு வேலையில் 50-ஐ ஒட்டியும் வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. முழு வேலையில் 60-ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணைவிட அது ஏறும் விதம் அதிகம் சொல்லும். சோதனையைத் தொடங்கிய இரண்டு மூன்று விநாடிகளிலேயே வெப்பநிலை 95-க்கு மேல் தாவி, நிறுத்தியவுடன் அதே வேகத்தில் 50, 60 என்று விழுந்தால், செயலியில் பிறக்கும் சூடு ஹீட் சிங்குக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். மாறாக, எட்டுப் பத்து நிமிடங்களில் படிப்படியாக ஏறி, நிறுத்திய பிறகும் மெதுவாகவே இறங்கினால், சூடு ஹீட் சிங்குக்கு வந்துவிட்டது, அங்கிருந்து காற்றுக்குப் போகத்தான் வழியில்லை. அது தூசி, விசிறி அல்லது இடத்தின் கோளாறு.

இதைக் கையாலேயே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். முழு வேலை ஓடும்போது காற்று வெளியேறும் துளைகளுக்கு எதிரே உள்ளங்கையைப் பிடியுங்கள். செயலி 98 டிகிரி காட்டும்போது வெளிவரும் காற்று வெறும் வெதுவெதுப்பாக இருந்தால், பேஸ்டைச் சந்தேகியுங்கள். காற்று நல்ல சூடாகவும் ஆனால் பலவீனமாகவும் வந்தால், தூசி. சூடாகவும் வேகமாகவும் வந்தால் பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. குறை அறையில் இருக்கிறது, அல்லது செயலிக்குக் கொடுக்கப்பட்ட மின்வரம்பில் இருக்கிறது.

வெப்பம்தானா என்று உறுதிசெய்தல்

எல்லா வேகக் குறைவும் வெப்பத்தால் வருவதில்லை. வெப்பநிலை 60-ஐத் தாண்டாமலே கணினி ஊர்ந்து நகர்ந்தால், முதலில் அடாப்டரைப் பாருங்கள். மறுவிற்பனைப் பெட்டிகளோடு சில சமயம் 90 வாட் வேண்டிய இடத்தில் 65 வாட் அடாப்டரோ, பொருந்துகிற முனையுள்ள வேறு ஏதோ ஒன்றோ வந்துவிடும். அடாப்டரை அடையாளம் காண முடியாதபோது செயலியை மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடும் மாதிரிகள் உண்டு. அந்நிலையில் எவ்வளவு பேஸ்ட் பூசினாலும் பயனில்லை.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தால் இரண்டு எண்கள் உதவும். கெர்னல்-பவர் 41 என்றால் கணினி முறைப்படி மூடப்படாமல் அணைந்தது என்று மட்டுமே பொருள். மின்வெட்டிலும் இதே பதிவுதான் வரும். கெர்னல்-ப்ராசஸர்-பவர் 37 என்றால் செயலியின் வேகத்தைக் கணினியின் அடிநிலை மென்பொருள் கட்டுப்படுத்தியிருக்கிறது என்று பொருள். இரண்டையும், அவை நிகழ்ந்த நேரத்தையும், நீங்கள் குறித்த வெப்பநிலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வெப்பமா மின்சாரமா என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் அணைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாம் படி: இடத்தை மாற்றுதல்

காசு செலவில்லாத, ஆபத்தும் இல்லாத வேலை இது. பலன் மட்டும் சில வீடுகளில் வியக்கும்படி இருக்கும். தொலைக்காட்சி அலமாரியின் மூடிய பகுதிக்குள் வைத்த மினி கணினி, தான் வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. அரை மணி நேரம் கழித்து அந்த அலமாரிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தால், உங்கள் கணினிக்கு அறை வெப்பநிலை 36 அல்ல, 45 என்று தெரியவரலாம். மானிட்டரின் முதுகில் மாட்டியிருந்தால் மானிட்டரின் சூடும் சேரும். அந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை, ஆனால் சுவரிலிருந்து நான்கைந்து அங்குலமாவது இடைவெளி விடுங்கள். அடியில் துளைகள் உள்ள பெட்டிகளை மேசையில் படுக்கவைக்காமல், நிறுவனம் அனுமதிக்கும் மாதிரிகளில் ஸ்டாண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்தலாம். அல்லது ரப்பர்க் கால்களுக்கு அடியில் ஏதாவது முட்டுக்கொடுத்து ஓர் அங்குலம் உயர்த்தலாம். மேற்குச் சுவரை ஒட்டிய மேசையை மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள்.

அறையைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வறண்ட மே, ஜூன் மாதங்களில் கூலர் அறை வெப்பநிலையைப் பல டிகிரி இறக்கும், அதனால் கணினிக்கும் நன்மைதான். ஆனால் அதன் காற்று நேராகக் கணினியின் மீது வீசும்படி வைக்கக் கூடாது. தில்லியின் பல பகுதிகளில் தண்ணீர் கடினமானது. கூலரின் வாய்ப் பட்டைகளில் வெள்ளையாகப் படிகிற உப்பை எல்லோரும் பார்த்திருப்போம். தெறித்து வரும் நுண்ணிய துளிகள் தூசியோடு சேர்ந்தால், ஊதினால் பறக்கக்கூடிய தூசி, சுரண்டினாலும் வராத பற்றாக மாறிவிடும். கூலர் காற்று அறையில் சுற்றட்டும், பெட்டி அதன் நேர்ப்பாதைக்கு வெளியே இருக்கட்டும். மழை தொடங்கிய பிறகு கூலர் ஈரத்தைத்தான் கூட்டும். குளிர்ச்சி பெரிதாக வராது.

மூன்றாம் படி: தேவையற்ற சுமையை இறக்குதல்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நீங்கள் ஒன்றும் செய்யாதபோது செயலியின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பத்துக்குக் கீழ் இருக்க வேண்டியது முப்பதில் நின்றால், வேலை வாங்கும் நிரலைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். விண்டோஸ் புதுப்பிப்பு ஓடுகிறதென்றால் முடியும்வரை விட்டுவிடுங்கள்.

பழைய பெட்டிகளில் காணொளிதான் மறைமுகச் சுமை. யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களைப் பிரிப்பதற்கான தனி வன்பொருள் எல்லாச் செயலிகளிலும் இல்லை. இன்டெலில் விபி9-க்கு முழு ஆதரவு ஏழாம் தலைமுறையிலும், ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறையிலும் வந்தன. ஆறாம் தலைமுறைப் பெட்டியில் 4கே காணொளி பார்த்தால், அந்த வேலையின் பெரும்பகுதியைச் செயலி தானே சுமந்து கொதிக்கும். காணொளியின் தரத்தை 1080-க்கு இறக்குவது, உலாவியில் எச்264 என்ற பழைய வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சியைச் சேர்ப்பது ஆகிய இரண்டும் இதற்குத் தீர்வு. பிள்ளைகளின் இணைய வகுப்பிலும் அலுவலகக் கூட்டங்களிலும் பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். அது சிறு செயலிகளுக்குப் பெரிய வேலை.

நான்காம் படி: திறந்து தூசி எடுத்தல்

பெரும்பாலான பெட்டிகளின் நோய் இங்கேதான் தீர்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாரண்டி இருக்கும் கணினியானால், திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

கணினியை முறைப்படி மூடி, அடாப்டரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். தில்லியின் வறண்ட காற்றில், குறிப்பாகக் குளிர்காலத்தில் கம்பளி உடுப்போடு இருக்கும்போது, நிலைமின்சாரம் எளிதில் சேரும். தொடங்கும் முன்பும், வேலையின் நடுவிலும், தரையோடு தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் படம் எடுங்கள். திருகுகளை, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிய தாளின் மேல் அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீளம் மாறிய திருகை முடுக்கினால் அது மதர்போர்டைச் சேதப்படுத்திவிடலாம்.

மூடியைத் திறந்ததும் உள்ளே சுத்தமாகத் தெரிந்தால் ஏமாற வேண்டாம். மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர் வாங்கிய மறுவிற்பனைப் பெட்டி இப்படித்தான் பளிச்சென்று இருந்தது. விற்றவர் ஊதித் துடைத்தே கொடுத்திருந்தார். ஆனால் ப்ளோயரைப் பிடித்திருந்த திருகுகளைக் கழற்றி அதைத் தூக்கியதும், தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறக் கம்பளித் துண்டைப் போல ஒரு படலம் நின்றது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால், கிழியாமல் முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக வந்தது. தலைமுடியும் துணி நூலும், பக்கத்துக் கட்டட வேலையின் சிமெண்டுப் பொடியும் அதில் இறுகிக் கிடந்தன. விசிறிப் பக்கத்திலிருந்து ஊதினால் இந்தப் படலம் தகடுகளின் மீது இன்னும் அழுந்தும். வெளியேறும் பக்கத்திலிருந்து ஊதினால் பெயர்ந்து விசிறிக்குள் சிக்கிக்கொள்ளும். ஆகையால் ப்ளோயரை ஹீட் சிங்கிலிருந்து பிரிப்பதுதான் வழி. நேரு பிளேஸிலோ உங்கள் பேட்டைக் கடையிலோ கொடுத்துச் செய்வதானாலும், வெறுமனே சர்வீஸ் என்று சொல்லாமல், விசிறியைப் பிரித்துத் தகடுகளின் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லி, உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

விசிறியின் ஒயரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பியின் பிளாஸ்டிக் தலையை நகத்தாலோ மெல்லிய பிளாஸ்டிக் துண்டாலோ நெம்பி எடுங்கள். படலத்தை இடுக்கியால் எடுத்த பிறகு, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தகடுகளின் நீளவாக்கில் துலக்கி, மிச்சத்தைக் காற்றால் ஊதுங்கள். தகடுகள் மெலிந்தவை, குறுக்கே துலக்கினால் மடங்கிவிடும். விசிறியின் இறக்கைகளை ஊதும்போது ஒரு குச்சியால் அது சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடின்றி அதிவேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும். வீட்டு வேக்கம் கிளீனரின் முனையை மதர்போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும்.

விரலால் தட்டிவிட்டால் விசிறி சத்தமின்றிச் சில சுற்றுகள் சுற்றி நிற்க வேண்டும். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் மாற்றுங்கள். எண்ணெய் விடுவது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். புதிய விசிறியை வாங்கும்போது கணினியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய விசிறியின் மேல் ஒட்டியுள்ள பகுதி எண், வோல்ட், ஆம்பியர், ஒயர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் காட்டிக் கேட்பதே சரி. ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த பெட்டிகளுக்கு வெவ்வேறு விசிறிகள் உண்டு.

மூடியபின் மறுபடி அளவெடுங்கள். முன்பு 62 இருந்த வித்தியாசம் 48-க்கு இறங்கியிருந்தால், ஐந்தாம் படிக்கு இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஐந்தாம் படி: தெர்மல் பேஸ்ட்

சூடு விநாடிகளில் தாவுகிறது என்ற அறிகுறி இருந்தாலோ, கணினி ஐந்தாறு ஆண்டு பழையதாக இருந்தாலோ மட்டும் இதைச் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் வேலை கொடுத்து ஓட்டினால், இறுகிய பேஸ்ட் இளகும். ஹீட் சிங்கின் திருகுகளை ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு நேராகப் பிடுங்காமல், இடவலமாக லேசாகத் திருகி எடுங்கள். செயலி உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகையாக உள்ள ரைசன் பெட்டிகளில் இது மிக முக்கியம்: பேஸ்ட் ஒட்டிக்கொண்டு செயலியே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்து அதன் பின்கள் வளைந்துவிடலாம்.

பழைய பேஸ்டைத் துடைக்க 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும், நூல் உதிராத துணியும் போதும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்க்கைகளும் இருக்கும், தவிர்த்துவிடுங்கள். புதிய பேஸ்ட் எவ்வளவு வைப்பது என்பது செயலியைப் பொறுத்தது. உலோக மூடியுள்ள டெஸ்க்டாப் செயலியின் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து ஹீட் சிங்கை இறக்கினால் அதுவே பரவும். நக் வகையில் உள்ள மடிக்கணினிச் செயலிக்கு மூடி இல்லை; பளபளக்கும் சிலிக்கான் சில்லு அப்படியே தெரியும். அங்கே ஒரு மூலைகூட விடுபடாதபடி முழுப் பரப்பிலும் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும், அதன் விளிம்பில் உலோகக் கருவி எதுவும் படக் கூடாது. திருகுகளை மறுபடியும் எதிரெதிர் மூலைகளாக முடுக்குங்கள். ஹீட் சிங்கில் 1, 2, 3, 4 என்று பொறித்திருந்தால் அந்த வரிசையில்.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்1 போன்ற அறியப்பட்ட பேஸ்ட் எதுவானாலும் போதும். அவற்றுக்குள் உள்ள வேறுபாடு, காய்ந்த பேஸ்டுக்கும் புதிய பேஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டின் முன் ஒன்றுமே இல்லை. மூடியில்லாத சில்லுகளில் பேஸ்ட் நாளடைவில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவதால், அங்கே ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகிப் படியும் தகட்டை நான் விரும்புவேன். திரவ உலோகம் வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு துளி சிந்தினால் மதர்போர்டு குறுக்குச்சுற்றாகிவிடும். பற்பசை தடவலாம் என்று சொல்லும் காணொளிகளை ரசித்துவிட்டு மூடிவிடலாம்.

ஹீட் சிங்கின் அடியில், செயலிக்குப் பக்கத்திலுள்ள சிறு பாகங்களின் மேல், மெத்தென்ற தெர்மல் பேட் ஒட்டியிருக்கும். கிழியாமல் இருந்தால் அதையே திரும்ப வையுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அதே கனத்தில் வாங்குங்கள், 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால் ஹீட் சிங்க் செயலியின் மேல் சரியாக அமராது, செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். பேட் இருந்த இடத்தில் பேஸ்டைத் தடவி நிரப்பவும் கூடாது.

எஸ்எஸ்டியை மறந்துவிடாதீர்கள்

செயலி 70-இல் சாதுவாக இருக்கும்போதே கணினி விட்டுவிட்டு உறைகிறதென்றால், என்விஎம்இ எஸ்எஸ்டியின் வெப்பநிலையைப் பாருங்கள். இவற்றில் பல 70 முதல் 80 டிகிரிக்குள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல மினி கணினிகளில் இது மதர்போர்டின் அடிப்பக்கத்தில், ப்ளோயரின் காற்றே எட்டாத இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. எஸ்எஸ்டிக்கும் பெட்டியின் உலோக அடித்தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதை நிரப்பும் கனத்தில் ஒரு தெர்மல் பேட் வைத்தால், அடித்தகடே அதன் ஹீட் சிங்காகிவிடும். அழுத்தம் அதிகமாகி எஸ்எஸ்டி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 2.5 அங்குலச் சுழல் வட்டு (ஹார்ட் டிஸ்க்) இன்னும் உள்ளே இருந்தால், அதைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாறுவதே ஒரு வெப்ப மூலத்தைக் குறைப்பதுதான்.

ஆறாம் படி: மின்வரம்பைக் குறைத்தல்

இதுவரை சொன்னவை சூட்டை வெளியேற்றும் வழிகள். இது சூட்டையே குறைக்கும் வழி. கோடைக்கு எனக்குப் பிடித்த மருந்து இதுதான். செயலியின் மின்நுகர்வு அதன் வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசிப் பத்துப் பதினைந்து சதவீத வேகத்துக்காகச் செயலி அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தை விழுங்குகிறது. அந்தக் கடைசிப் பங்கை மட்டும் விட்டுக்கொடுத்தால் சூடு கணிசமாக இறங்கும், அன்றாட வேலையில் வேகக்குறைவு கண்ணில் படாது.

எளிய வழி விண்டோஸிலேயே இருக்கிறது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், நடப்புத் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டின் கீழ் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100-லிருந்து 99-ஆக மாற்றுங்கள். பல இன்டெல் கணினிகளில் இந்த ஒரு சதவீதம் டர்போவை அடியோடு நிறுத்திவிடும். புதிய கணினிகள் சிலவற்றில் இந்த வரி மறைந்திருக்கும். அங்கே திட்டத்தைப் பவர் சேவிங் பக்கம் நகர்த்தலாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிநிலை மென்பொருள்) பிஎல்1, பிஎல்2 என்ற பெயரில் நீண்டநேர, குறுகியநேர மின்வரம்புகளைத் திறந்துவைத்திருக்கும் மாதிரிகளில், இரண்டையும் சற்றே இறக்குவது இன்னும் நயமான வழி. ஏஎம்டியில் அது சிடிடிபி என்ற பெயரில் இருக்கும். வோல்டேஜை மட்டும் குறைக்கும் முறையை, 2019 டிசம்பரில் வெளியான ப்ளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு வந்த பயாஸ் புதுப்பிப்புகள் பல கணினிகளில் பூட்டிவிட்டன. அந்தப் பூட்டை உடைக்க முயல்வது இந்தப் பயனுக்குத் தகாது.

பயாஸிலேயே விசிறி அமைப்பும் இருக்கும். அமைதிக்கு முன்னுரிமை என்று இருந்தால் குளிர்ச்சிக்கு முன்னுரிமை என்று மாற்றுங்கள். இரைச்சல் கூடும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து உதவி, அதன் எல்லை

மேல்மூடியில் துளைகள் உள்ள பெட்டியின் மேல், யூஎஸ்பியில் ஓடும் 120 மி.மீ. விசிறி ஒன்றைக் கீழ்நோக்கி ஊதும்படி வைப்பது பார்க்க அழகில்லைதான், ஆனால் வேலை செய்யும். எஸ்எஸ்டிக்கும் சேர்த்தே உதவும். ஊதும் திசை, பெட்டியின் உறிஞ்சும் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். வெளியேறும் துளைகளுக்கு எதிராக ஊதினால் நிலைமை மோசமாகும். விசிறியே இல்லாத பெட்டிகளுக்கு உடம்பே ஹீட் சிங்க் என்பதால், அவற்றின் மேல் காற்று லேசாகப் பட்டாலே பெரிய மாற்றம் தெரியும். அவை தொட்டால் சுடுவது கோளாறு அல்ல. அவற்றின் மேல் மோடமையோ புத்தகத்தையோ வைப்பதுதான் கோளாறு.

தூசியைத் தடுக்க உறிஞ்சும் துளைகளில் வலைத்துணி ஒட்டுவதானால், வாரம் ஒரு முறை அதைத் தட்டிச் சுத்தம் செய்யும் உறுதி இருந்தால் மட்டும் ஒட்டுங்கள். புழுதிப்புயல் காலத்தில் அது முடியையும் மணலையும் பிடிக்கும்; ஆனால் அடைத்துக்கொண்ட வலை, தூசி படிந்த தகட்டைவிட மோசம். தீபாவளிக்குப் பிந்தைய புகைமூட்டத்தின் நுண்துகள்களை அது நிறுத்தாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பது, ஐஸ் பொட்டலத்தின் மேல் நிறுத்துவது ஆகியவற்றைச் செய்ய வேண்டாம். காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படியும்.

எல்லாம் செய்து, முழு வேலையில் வித்தியாசம் 45-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அறை 44 டிகிரி இருந்தால் செயலி 89-இல்தான் நிற்கும். அந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, வேகமும் குறையாது. காணொளித் தொகுப்பு போன்ற மணிக்கணக்கான வேலையை மட்டும் விடிகாலைக்கோ ஏசி ஓடும் நேரத்துக்கோ தள்ளிவையுங்கள். அத்தகைய வேலை தினமும் பகலில் இருக்கிறதென்றால், இந்தச் சிறு பெட்டியிலிருந்து இதற்கு மேல் கேட்பது வீண். பணத்தைப் பெரிய விசிறி பொருந்தும் சற்றே பெரிய பெட்டிக்குச் செலவிடுவதே மேல். இப்போதுள்ளதையே வைத்துக்கொள்வதானால், மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, சுத்தம் செய்த மாதத்தையும் அன்றைய வித்தியாசத்தையும் எழுதிவையுங்கள். புழுதிக்காலம் முடிந்து ஜூலையில் ஒரு முறை, தீபாவளிப் புகை அடங்கிய பிறகு ஒரு முறை அளந்து, அந்த எண்ணைவிடப் பத்து டிகிரி கூடியிருந்தால் மறுபடி திறந்தால் போதும்.